சோறு வைப்பாள், தண்ணீர் வைக்க மாட்டாள்

தகராறு ஒன்றும் இல்லை தம்பி. உட்கார். நின்றுகொண்டு கேட்காதே, அண்ணாந்து பார்த்துப் பேச எனக்குக் கழுத்து வலிக்கும்.

கட்டம் போட்ட சட்டை போட்டுக்கொண்டு கத்தினானே, அவன் பெயர் கனகவேல். நூல் மில்லில் வேலை. அவன் பையன்தான் உள்ளே கிடக்கிறான். இரண்டு வயசு. கையில் நரம்பு கிடைக்கவில்லை என்று காலில் குத்தி டிரிப் ஏற்றியிருக்கிறார்கள். பிழைப்பானா என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். அவன் கத்தினது என் மருமகளைப் பார்த்து. சுகந்தி என்று பெயர். என்னைப் பார்த்துக் கத்தவில்லை. என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனான்.

நான் யார் என்றா கேட்கிறாய்? எனக்கு உள்ளே யாரும் இல்லை. இந்தா பார், அவன் பைக் சாவி. இதைக் கொடுக்கத்தான் டவுன் பஸ் ஏறி வந்தேன். கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், குறுக்கே பேசாதே. உன் டோக்கன் எத்தனை? எழுபத்திரண்டா. இப்போதுதான் நாற்பதைக் கூப்பிட்டான். தூண் ஓரமாக உட்கார்ந்திருப்பது உன் சம்சாரமா? சரி சரி. இரு.

நான் தொக்கம் எடுக்கிறவன். எடுத்துக்கொண்டிருந்தவன். ஆறு வருசமாக இல்லை.

தொக்கம் தெரியும்தானே? தின்றது உள்ளே எங்கேயோ சிக்கிக்கொண்டது, அதனால்தான் வாந்தி, அதனால்தான் பேதி, அதனால்தான் காய்ச்சல், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். உன் ஊர்ப் பக்கமும் உண்டா? இருக்கும். எல்லா ஊரிலும் ஒருத்தன் இருப்பான். எங்கள் பக்கம் நான். எனக்கு முன்னால் எங்கப்பன். வெள்ளைச்சாமி வீடு எது என்று கேட்டால் பஸ் கண்டக்டரே காட்டுவான்.

பிள்ளையை அம்மா மடியில் படுக்கப் போடுவேன். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி மேல்நோக்கி நீவுவேன். பித்தளைக் குழல் ஒன்று இருக்கிறது, இவ்வளவு நீளம். ஒரு முனையை வயிற்றில் வைத்து மறு முனையில் வாயை வைத்து உறிஞ்சுவேன். வெற்றிலையில் துப்புவேன். அதில் கிடக்கும். ஒரு துணுக்குக் கறி, ஒரு பருக்கை, சில நேரம் முடி. பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

கடைவாயில் முதலிலேயே அடக்கி வைத்திருப்பதுதான். வேறென்ன. வயிற்றுத் தோலைத் தாண்டி எவன் வாய்க்குக் கறி வரும்? யோசித்துப் பார்க்க வேண்டாமா? ஒருத்தனும் யோசிக்க மாட்டான்.

முறைக்காதே. பொய்தான். ஆனால் சரியாகிவிடும். நூறு பிள்ளை வந்தால் தொண்ணூறு பிள்ளைக்கு இரண்டு நாளில் தானாக நின்றுவிடும். நின்றதெல்லாம் என் பெயரில். நிற்காததை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், திரும்ப என்னிடம் வந்து சொல்ல மாட்டார்கள். அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்? ஊர் முழுக்க நான் பிழைக்க வைத்த பிள்ளைகள். அப்படித்தான் நானும் நினைத்தேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். தொக்கம் எடுத்தால் பொழுது சாய்கிற வரைக்கும் பிள்ளைக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. எங்கப்பன் வைத்த சட்டம். உள்ளே புண்ணாக இருக்கும், தண்ணீர் பட்டால் சீழ் பிடிக்கும் என்பார். அதெல்லாம் இல்லை. தண்ணீர் கொடுத்தால் பிள்ளை என் வாசலிலேயே கக்கிவிடும். கக்கினால் தொக்கம் இன்னும் போகவில்லை என்பார்கள். அதற்காக வைத்த சட்டம். ஐம்பது வருசம் சொன்னோம், அவரும் நானுமாக. இன்றைக்கு எங்கள் தாலுகாவில் எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்வாள், வாந்தி பேதி என்றால் தண்ணீர் காட்டாதே என்று.

சுகந்தியை ஏன் திட்டினான் என்றுதானே கேட்டாய். வருகிறேன்.

எனக்கு ஒரே மகன். திருப்பூரில் பனியன் கம்பெனி. சுகந்தியும் பேரனும் என்னோடு இருந்தார்கள். பேரன் பெயர் பிரதீஷ். மூன்று வயசு. வாயாடி. வாசலில் வருகிற பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதே அவன்தான். "தாத்தா, இது அழுவுது, இத முதல்ல எடு" என்பான்.

ஆடி மாசம், ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் கூட்டம் அதிகம். முந்தின நாளிலிருந்தே அவனுக்கு வயிற்றாலே போய்க்கொண்டிருந்தது. வாந்தியும் இருந்தது. பிள்ளை என்றால் வரத்தான் செய்யும் என்று இருந்தேன். அன்றைக்குக் காலையில் வாசலில் பத்துப் பதினைந்து பேர். சுகந்தி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் காதோரம் குனிந்தாள்.

"மாமா, நேத்து சாயங்காலத்திலேருந்து ஒண்ணுக்கே போகல. அழுதாக் கண்ணுல தண்ணி வரல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டுமா?"

மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் முன்வரிசையில் இருந்த கிழவி காதில் விழுந்துவிட்டது. "ஏம்ப்பா வெள்ளச்சாமி, உம் பேரனுக்கே ஆஸ்பத்திரியா? அப்ப நாங்கெல்லாம் எங்கிட்டுப் போறது?" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? சொல்.



நான் சொன்னேன், "யாரு ஆஸ்பத்திரின்னது? மடியில போடு." போட்டாள். நீவினேன். உறிஞ்சினேன். கடைவாயில் தேங்காய்த் துருவல் ஒன்று இருந்தது, வேறு யாருக்கோ வைத்தது. அதைத் துப்பினேன். அந்தக் கிழவிதான் முதலில் சொன்னாள், "வந்துருச்சு பாரு, புள்ள முகம் தெளிஞ்சுருச்சு" என்று. எல்லோரும் ஆமாம் என்றார்கள். சுகந்தியும் அவன் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்றாள்.

பிறகு எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவளுக்கும் சொன்னேன். பொழுது சாய்கிற வரைக்கும் தண்ணி காட்டாதே.

அவன் கேட்டான். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு வாசலில் கேட்டது. "ம்மா தண்ணி. ம்மா தண்ணி." நான் அடுத்த பிள்ளைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். இரண்டு தரம் அவள் நிலைப்படிக்கு வந்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை, சும்மா நின்றாள். நான் கையைக் காட்டினேன், பொறு என்று. மத்தியானத்துக்கு மேல் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். நல்லது, தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பொழுது சாய்ந்ததும் டம்ளரை வாயில் வைத்தாள். கடைவாய் வழியே வழிந்துவிட்டது.

இதே ஆஸ்பத்திரிதான். அப்போது இந்த பெஞ்சு கிடையாது. டாக்டர் ஒரு பொம்பளை, சின்னப் பெண். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டாள். கிள்ளினது கிள்ளின மாதிரியே நின்றது. அவன் இமையை விலக்கிப் பார்த்தாள். "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?" என்றாள். சுகந்தி சொன்னாள். "முழுசா ஒரு நாள் ஆச்சேம்மா. தண்ணி குடுத்தீங்களா?" இல்லை என்றாள். "யாரு குடுக்க வேணாம்னது?"

நான் அங்கேதான் நின்றேன். சுவரில் ஏதோ தடுப்பூசிப் படம் ஒட்டியிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுகந்தியும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் அவளைத்தான் திட்டினாள். "பெத்த தாய்தானே நீ?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் எல்லாம் முடிந்தது.

அன்றோடு நிறுத்தினேன். குழலைப் பரணில் தூக்கிப் போட்டேன். பெரிய காரியம்தானே? ஐம்பது வருசத் தொழில். யாராவது மெச்சினார்களா? மகன் பொங்கலுக்கு வருவான், நான் கேட்டதற்கு உம் என்பான், போவான். இவள் அதுவும் இல்லை. ஆறு வருசம் தம்பி. ஒரு வார்த்தை என்னிடம் பேசினதில்லை. அப்பன் வீட்டுக்குப் போகலாம், புருசனோடு திருப்பூர் போகலாம். போக மாட்டாள். அந்த வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏன் இருக்கிறாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வேளாவேளைக்குச் சோறு வைப்பாள். குறை சொல்ல முடியாது. குழம்பு, பொரியல், மோர்மிளகாய் எல்லாம் இருக்கும். தண்ணீர் மட்டும் வைக்க மாட்டாள். ஆறு வருசமாக. விக்கி, கண் பிதுங்கி உட்கார்ந்திருப்பேன், எதிரே நின்று பார்ப்பாள். நானே எழுந்து போய்க் குடத்தில் மொண்டு குடிக்க வேண்டும். இந்த வயசில். என்ன திமிர் பார். நான் வேண்டுமென்றா சொன்னேன்? ஊருக்குச் சொன்னதைத்தான் அவளுக்கும் சொன்னேன். பெற்றவள் இல்லையா, அவளுக்குத் தெரிய வேண்டாமா? ஒரு மடக்கு ஊற்றியிருந்தால் நான் என்ன வெட்டியா போட்டிருப்பேன்?

விடு.

இன்று காலையில் ஏழு மணி இருக்கும். பைக் வந்து நின்றது. இந்தக் கனகவேல், பின்னால் அவன் பெண்டாட்டி, துண்டில் சுற்றிப் பிள்ளை. வெற்றிலை பாக்கு பழத்தோடு இறங்கினார்கள்.

"ஐயா, மூணு நாளா வாந்தி பேதி. தொக்கம் எடுத்து விடுங்க."

"எடுக்கறதில்ல. போ."

"அப்படிச் சொல்லக் கூடாதுங்க ஐயா. எங்க பெரியம்மா மகனுக்கு நீங்கதான் எடுத்தீங்க. முடி வந்துச்சாம்."

"அது எங்க வீட்டு ஆட்டு முடி."

அவன் சிரித்தான். பெரிய மனுசன் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

அதற்குள் சுகந்தி வெளியே வந்துவிட்டாள். அவள் எப்போதும் வந்துவிடுவாள். வாசலில் பிள்ளைச் சத்தம் கேட்டால் போதும், அடுப்பில் எது கிடந்தாலும் வந்துவிடுவாள். துண்டை விலக்கினாள். கண் உள்ளே போயிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவனுடைய அம்மா கன்னத்தைத் தட்டினாள், அழுகிற மாதிரி முகம் கோணியது, சத்தமும் இல்லை, கண்ணீரும் இல்லை. சுகந்தி வயிற்றைக் கிள்ளி விட்டாள். நின்றது.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?" என்று கேட்டாள்.

"நேத்து மத்தியானம் போனான்க்கா. அப்புறம் இல்ல. தண்ணி குடுத்தாத்தானேக்கா போறதுக்கு? வாந்தின்னா தண்ணி குடுக்கக் கூடாதுல்ல?"

சுகந்தி என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போனாள். அங்கன்வாடியில் கொடுக்கிற உப்புக்கரைசல் பாக்கெட் எப்போதும் வாங்கி வைத்திருப்பாள். கலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து ஸ்பூன் ஸ்பூனாக ஊற்ற ஆரம்பித்தாள். ஒரு ஸ்பூன் ஊற்றுவாள், நிறுத்துவாள், மறுபடி ஊற்றுவாள். தோளில் போனை இடுக்கிக்கொண்டு நூற்றெட்டுக்குப் பேசினாள். வண்டி வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, முக்கால் மணி நேரமாகும் என்றார்கள்.

கனகவேலுக்குப் பொறுக்கவில்லை. "ஆம்புலன்ஸ் எதுக்குங்க? நீங்க எடுக்கலேன்னா மலையடிவாரத்துல ஒரு அம்மா இருக்கு, நாங்க அங்க போறோம்" என்று பிள்ளையைத் தூக்கப் போனான். நான் எழுந்து போய் பைக்கில் இருந்த சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன். பைக்கிலேயே ஆஸ்பத்திரிக்கு விரட்டியிருக்கலாமே என்கிறாயா? விரட்டலாம். கைகாட்டி தாண்டினதும் எந்தப் பக்கம் திருப்புவான்? அதைச் சொல்.

"சாவியக் குடுங்க பெருசு."

"வண்டி வரட்டும்."

"எம் புள்ள சாகுது. ஒரே ஒரு தடவ எடுத்து விட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது? கால்ல வேணா விழறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எவ்வளவு சொன்னாலும் ஏறாத மண்டை. பரணில் இருந்து குழலை எடுத்து வந்தேன். "ரெண்டு பேரும் நல்லாப் பாருங்கடா" என்றேன். அவன் கொண்டு வந்த பழத்தையே உரித்து ஒரு துணுக்கு கிள்ளினேன். "இது என்ன?" என்றேன். பழம் என்றான். கடைவாயில் வைத்தேன். வாயைத் திறந்து காட்டினேன். "இருக்கா?" இருக்கு என்றான். குழலைப் பிள்ளை வயிற்றில் வைத்து உறிஞ்சினேன். வெற்றிலையில் துப்பினேன். "இவ்வளவுதாண்டா. அம்பது வருசமா இதான். போதுமா? புரியுதா?"

அந்தப் பெண் வெற்றிலையைப் பார்த்தாள். கண் விரிந்துவிட்டது.

"பழம்! போன வியாழக்கெழம கோயில்ல இவன் பழம் தின்னான்ங்க!" என்று சொல்லிக்கொண்டு என் காலில் விழுந்தாள்.

அவள் கண்முன்னால்தானே தம்பி உரித்தேன். கண்முன்னால் கிள்ளினேன். கண்முன்னால் வைத்தேன்.

"ஏங்க, முகம் தெளிஞ்சிருச்சு பாருங்க" என்கிறாள் புருசனைப் பார்த்து. அவனும் குனிந்து பார்த்து, "ஆமா, தெளிஞ்சிருச்சு" என்கிறான். சுகந்தி அடுத்த ஸ்பூனை வாயருகே கொண்டு போனாள். அந்தப் பெண் கையால் தட்டி விட்டாள். "அக்கா, தண்ணி குடுக்காதீங்க! தொக்கம் எடுத்தாக் குடுக்கக் கூடாது!"

ஸ்பூன் உருண்டு என் காலடியில் வந்து நின்றது.

சுகந்தி அதை எடுத்து முந்தானையில் துடைத்தாள். அப்புறம் பேசினாள். ஆறு வருசத்தில் அவள் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. என்னிடம் இல்லை, அந்தப் பெண்ணிடம்.

"எனக்கும் அப்படித்தான் தங்கச்சி இருந்துச்சு. முகம் தெளிஞ்ச மாதிரி. வெளக்கி வச்சாப்ல இருந்தான். நானும் குடுக்கல."

சொல்லிவிட்டுப் பிள்ளையை வாங்கி ஒரு கை மடிப்பில் ஏந்தினாள். அந்தக் கையிலேயே டம்ளர், மறு கையில் ஸ்பூன். தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். வண்டி வரும் தார்ரோட்டைப் பார்த்து நடந்தாள். நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்று ஒரு ஸ்பூன் ஊற்றுவாள். இவர்கள் இரண்டு பேரும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். பாதி வழியில் ஆம்புலன்ஸ் எதிரே வந்துவிட்டது. ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாவி என் இடுப்பில் இருந்தது.

இவ்வளவுதான். பஸ் ஏறி வந்தேன். வந்து பார்த்தால் நீ பார்த்ததுதான். டாக்டர் வெளியே வந்து, லேட்டாக் கொண்டு வந்திருக்கீங்க, கிட்னி வேலை செய்யல, சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் போகிறார். உடனே இவன் சுகந்தி மேல் பாய்கிறான். "ஐயா எடுத்து விட்டப்ப முகம் தெளிஞ்சு நல்லாத்தான் இருந்தான். இவதான் தண்ணிய ஊத்தி ஊத்திக் கெடுத்துட்டா!" என்று. கூட்டம் கூடிவிட்டது. "தொக்கம் எடுத்துட்டுத் தண்ணி குடுத்தாளா? அடிப்பாவி" என்று ஒரு பொம்பளை சொன்னாள். உன் காதிலும்தான் விழுந்தது.

இவன் என்னைக் கேட்டான். "நீங்களே சொல்லுங்கய்யா, தண்ணி குடுக்கலாமா?" என்று.

இருபது பேர் நின்றார்கள் தம்பி. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுகந்தியும் பார்த்தாள்.

நான் என்ன சொல்வது? கூட்டத்தில் எதையாவது சொன்னால் எடுபடுமா? அமைதியாக இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கலைந்துவிட்டார்கள். கலைந்துவிட்டார்கள்தானே? அவளும் ஸ்பூனைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாவியை ஏன் கொடுக்கவில்லை என்று இப்போது தெரிகிறதா? கொடுத்தால் என் வாசலில் நிற்கிற பைக்கை எடுத்து வந்து, ஊசியைப் பிடுங்கிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் பறந்துவிடுவான். அவன் பெண்டாட்டி அந்த அம்மாவுக்குப் போன் போட்டாகிவிட்டது. நான் இங்கே உட்கார்ந்திருக்கிற வரைக்கும் சாவி இங்கே இருக்கும். என்னால் ஆனது இதுதான்.

என்ன? டோக்கனா? இன்னும் நாற்பத்தைந்துதான்.

என்ன முணுமுணுக்கிறாய்? சத்தமாகப் பேசு.

உன் பெண்ணுக்கு எத்தனை நாளாக? இரண்டு நாள். சரி. அதற்கு?

யோவ். இவ்வளவு நேரம் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? காது இருக்கிறதா இல்லையா? கடைவாயில் வைப்பது என்று சொன்னேனா இல்லையா? "எதுக்கும் ஒரு தடவ" என்கிறாய். டாக்டர் பார்க்கிறதுக்குள்ளே என்கிறாய். குழல் இல்லை என்றால் வெறும் கையாலாவது நீவச் சொல்கிறாய். ஏய், நீ ஏன்மா எழுந்து வருகிறாய்? அங்கேயே உட்கார். பிள்ளையை என் மடியில் போடாதே. எடு. எடுக்கச் சொல் இவளை.

இது ஏன் தலையைத் தொங்கப் போட்டிருக்கிறது?

ஒண்ணுக்கு எப்போது போனது? கேட்கிறேன் அல்லவா, கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனது? நீ சொல். அவளைப் பார்க்காதே, நீ சொல். தெரியாதா? டோக்கனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போ. வெள்ளைச் சட்டை போட்டவன் தடுப்பான், தடுக்கட்டும். போ. தண்ணீர் என்ன கொடுத்தாய்? கொடுக்கவில்லையா?

அந்தா, சுகந்தி வருகிறாள். கையில் பாட்டில் இருக்கிறது. ஸ்பூனும் இருக்கிறது. கலக்கித்தான் கொண்டு வருகிறாள்.

அம்மா சுகந்தி, இங்கே. நாக்கு ஒட்டிப் போயிருக்கிறது. காலையிலிருந்து ஒரு சொட்டு...

சரி. அவளுக்கு ஊற்று. பிள்ளைக்கு ஊற்று.

பார்த்தாயா தம்பி? நீட்டின கையைத் தாண்டிப் போகிறாள். உன் கண்ணாலேயே பார்த்தாய். இதைத்தான் சொன்னேன். திமிர்.

நீ ஏன் இங்கேயே நிற்கிறாய்? போய்யா, அவள் பின்னாலேயே உள்ளே போ. நான் எங்கேயும் போக மாட்டேன், சாவி என்னிடம்தான் இருக்கும்.

இரு. இதை மட்டும் சொல்லிவிட்டுப் போ. இங்கே தண்ணிக் குழாய் எந்தப் பக்கம்?